மலைநாட்டு மழைய நம்பிச் சிறுபோகம் விதைக்கலாமா?

உன்னிச்சை வட்டை:
குளத்துத் தண்ணிய நம்பிக் கோடையில செய்யிற நெல் போகம்தான் சிறுபோகம். அதின்ர ஆரம்பக் கூட்டத்தில ஒருத்தர் எழும்பி, "மலைநாட்டில நல்ல மழை பெய்யுமாம், குளம் கைவிடாது, முழுக் காணியும் விதைப்பம்" என்டார். எல்லாரும் தலையாட்டினம். இந்தப் பேச்சை நம்பித்தான் கதிர் வாற நேரம் தண்ணிக்கு அடிபடுறம். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்து மலை மழை நம்ம மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக்கு வராது.

கல்லோயாக்காரன்:
அண்ணன், எப்படி அடிச்சுச் சொல்றீங்க? கல்லோயா ஆறு தொடங்குறதே ஊவா மலையில. அதை மறிச்ச சேனநாயக்க சமுத்திரம் இல்லாட்டி சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் சிறுபோகம் ஏது?

உன்னிச்சை வட்டை:
மலைதான் தருது தம்பி. எந்தப் பக்கத்து மலை, எந்த மாசத்து மழை என்டு பாருங்க. மே தொடக்கம் செப்டம்பர் வரை ஈரக்காத்து தென்மேற்குக் கடலால வருது. மலையில மோதி ஏறக்குள்ள குளிர்ந்து மேற்குச் சரிவிலயே கொட்டிருது. கினிகத்தேனைப் பக்கம் வருச மழை 5000 மில்லிமீற்றருக்குக் கிட்ட. அதில பெரும்பங்கு களனி, களு கங்கையால மேற்குக் கடலுக்குப் போகுது. நம்ம பக்கம் இறங்குற காத்து ஈரம் இழந்து, இறங்க இறங்கச் சூடாகுது. அதுதான் கச்சான். காலையில தண்ணி கட்டின வயல் வரவையில பின்னேரம் சேறு வெடிக்குது. கல்லோயா ஊவாவின் கிழக்குச் சரிவு, அதுக்கும் வாடை மழைதான் (வடகிழக்குப் பருவ மழை) உயிர். சிறுபோகத்துக்குத் திறக்கிறது மார்கழி, தையில சேர்த்த தண்ணி.

கல்லடி ரீச்சர்:
மலை என்டாலே மழை கூட என்டு பிள்ளைகளும் எழுதுதுகள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஆண்டு மழை 1900 மில்லிமீற்றர் அளவு. கடலோரத்தில இருக்கிற மட்டக்களப்புக்கே 1700 அளவு கிடைக்குது. மன்னாருக்குத்தான் 1000 அளவு. நமக்கு மழை குறைவில்லை, ஒரே அடியாக் கொட்டுறதுதான் பிரச்சினை. டிசம்பரில 400 மில்லிமீற்றரை ஒட்டும், ஜூனில 30ம் தேறாது. 2011 ஜனவரி வெள்ளத்தில வயல் முழுக்க அள்ளுண்டு போனதே!

கல்லோயாக்காரன்:
ரீச்சர், மகாவலிய விட்டிட்டீங்க. அது மேற்குச் சரிவு மழையையும் வாங்கிக் கிழக்குக் கடலுக்குத்தான் வருது. அந்தத் தண்ணியச் சுரங்கத்தால மதுறு ஓயாவுக்கும் கொண்டு வந்தாச்சு. தென்மேற்கு மழையில கிழக்குக்குப் பங்கில்லை என்டு சொல்லேலாது.

உன்னிச்சை வட்டை:
அது வெலிக்கந்தைப் பக்கத்துக்கு. உன்னிச்சைக் குளத்துக்கும் உறுகாமக் குளத்துக்கும் அதில சொட்டும் இல்லை. கூட்டத்தில பார்க்க வேண்டியது குளத்து அளவுகோல். சித்திரையில எத்தனை அடி நிக்குதோ அதுக்குத் தக்க ஏக்கர்.

கல்லோயாக்காரன்:
ஏக்கரைக் குறைச்சா வாய்க்கால் கடைசியில இருக்கிறவன்ர காணிதான் வெட்டுப்படும். எங்கட வாப்பாட காணியும் கடைசியிலதான். அளவுகோலைக் காட்டுற ஆக்கள் அதுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க?

உன்னிச்சை வட்டை:
தலைவாய்க்கால்காரனும் அதே அளவு குறைக்கணும். பத்து ஏக்கர் வச்சிருக்கிறவன் அஞ்சு விதைக்கட்டும், ரெண்டு ஏக்கர்காரன் ஒன்டு விதைக்கட்டும். இதை விதைக்க முன்னமே, தண்ணி பங்கிடுற வட்டவிதானை எழுதி வாசிக்கணும். அடுத்த கூட்டத்தில நான் கேட்கத்தான் போறன், நீங்களும் வாங்க.