ரைவிங் நைஃப்: ‘ஆப்புத்தகடு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கராஜுக்குள் மரவேலைப் பட்டறை அமைப்பது பற்றிய நம் கையேட்டில் பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. உளி, அரம், மூலைமட்டம், ரசமட்டம், திருப்புளி, கொட்டாப்புளி எனத் தச்சர்கள் ஏற்கெனவே தந்திருந்தவற்றை எடுத்து எழுதியதிலேயே பாதி வேலை தீர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சீவுளியும் தமிழ்நாட்டு இழைப்புளியும் ஒரே கருவி என்பதால் இரண்டையும் அருகருகே வைத்தோம். கராஜைக் கராஜ் என்றே விட்டதும் நல்லது. ‘பணிமனை’ பேருந்துகள் நிற்கும் இடமாகிவிட்டது, ‘பட்டறை’ போதும் என்ற முடிவு எனக்கு முழு நிறைவு. கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று அச்சொல் வேறு திசையில் நெடுந்தூரம் போய்விட்டது உண்மைதான். ஆனால் அதன் உறவுச் சொல்லான ‘பட்டடை’ குறளில் (821) கொல்லனின் அடைகல்லாக நிற்கிறது. சம்மட்டி அடியைத் தாங்கிய சொல் அது. கையால் வேலை செய்பவரிடம் அது திரும்பி வரட்டும்.

இரண்டு வாரமாக நம்மை நிறுத்தி வைத்திருப்பது, மேசை வாளில் (மேசை ரம்பத்தில்) சுழலும் தகட்டின் பின்னால் நிற்கும் சிறு உலோகத் துண்டான ‘ரைவிங் நைஃப்’ மட்டுமே. கோவை ஐயா ‘பிளவுக்கத்தி’ என்று எழுதியிருந்தார். சிங்கப்பூர்த் தங்கை, கடையில் ஆங்கிலப் பெயரைச் சொல்லித்தானே கேட்க வேண்டும், அதையே வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணம் என் கராஜின் கதவில் இன்னும் இருக்கிறது.

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கராஜ் ஒரு காருக்கானது. அகலம் 10 அடி, நீளம் 20 அடி. பனிக்காலத்தில் காரும் உள்ளே வந்துவிடும். மிஞ்சுவது பின்சுவரை ஒட்டிய ஒரு துண்டு இடம். முதலில் வாங்கிய மேசை வாள், ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. தகட்டின் பின்னால் நிற்க வேண்டிய அந்தச் சிறு உலோகத் துண்டு அதில் இல்லை. இல்லை என்பதே எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தால்தானே அது இல்லாததைக் கவனிக்க முடியும்?

முக்கால் அங்குலப் பைன் பலகை ஒன்றை நீளவாக்கில் அரிந்துகொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் பலகை திடீரென்று மேலே எழும்பி என் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பறந்தது. எனக்குப் பின்னால் இருந்தது வீட்டுக்குள் செல்லும் கதவு. காரின் புகை வீட்டுக்குள் புகாதபடி தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. அதில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறை. என் மனைவி அப்போதுதான் தேநீரோடு கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நடந்தது என்ன என்பது பின்னர்தான் விளங்கியது. 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால் அதன் பல் நுனி மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. காயும்போது மரத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், அரிந்ததும் விடுபடும். அப்போது அரிந்த இரு பாதிகளும் சில நேரம் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து தகட்டைக் கவ்வும். அல்லது பலகை, அதை நேராக வழிநடத்தும் வரம்புச் சட்டத்தை விட்டுச் சற்றே திரும்பும். எப்படியானாலும் எழும் பற்கள் பலகையைப் பற்றிவிடும். பிறகு அந்த வேகம் முழுவதும் பலகைக்குப் போய், பலகை நம்மிடம் வரும். ஒதுங்கி நில்லுங்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் ஒரு பக்கம் கார், மறு பக்கம் சுவர், பின்னால் சமையலறைக் கதவு என்றிருக்கும் இடத்தில் எங்கே ஒதுங்குவது? சிறிய கராஜுக்கான கையேட்டில் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

அந்தத் துண்டு செய்யும் வேலை மிக எளியது. தகட்டின் பின்விளிம்பை ஒட்டி நின்று, அரிந்த வாய் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. தகட்டை உயர்த்தினால் தானும் உயர்கிறது, தாழ்த்தினால் தானும் தாழ்கிறது. அதற்குக் கூர் கிடையாது. அது எதையும் வெட்டுவதும் இல்லை, பிளப்பதும் இல்லை. ஆகவே ‘பிளவுக்கத்தி’ என்று நாம் எழுதினால் ஆங்கிலப் பெயரில் இருக்கும் குழப்பத்தை அப்படியே தமிழுக்குச் சுமந்து வருகிறோம். பெட்டியைத் திறக்கும் புதியவர் ‘கத்தி’ என்ற சொல்லைப் பார்த்து, ஏதோ கூடுதலாக வெட்டுவதற்கானது, இப்போதைக்கு வேண்டாம் என்று கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவார். என் வாளை முதலில் வைத்திருந்தவரும் அப்படித்தான் நினைத்திருக்கக்கூடும்.

என் தந்தையார் தச்சர் அல்லர், ஆனால் எங்கள் வளவில் பனை தறித்து வீட்டுக் கூரைக்கு வளையும் சிலாகையும் எடுத்தபோது நான் பக்கத்திலேயே இருந்தவன். பனையைப் பிளக்கும்போது வெடித்த வாயில் ஒரு ஆப்பை இறுக்குவார்கள். கிடங்கின் (குழியின்) மேல் ஒருவரும் உள்ளே ஒருவருமாக நின்று பெரிய வாளால் மரம் அரிந்தவர்களும் அதையே செய்தார்கள். வாள் முன்னே போகப் போக, பின்னால் அரிந்த வாயில் சின்ன ஆப்பு ஒன்று ஏறும். வாள் இறுகிக்கொண்டால் அவர்கள் அதை இழுக்க முடியாது, அவ்வளவுதான். மோட்டார் வந்த பிறகு அதே இறுக்கம் ஆளை அடிக்கிறது. வேலை பழைய வேலைதான், ஆபத்து மட்டும் வளர்ந்துவிட்டது.

அதனால் ‘ஆப்புத்தகடு’ என்று முன்மொழிகிறேன். செய்யும் வேலையை ‘ஆப்பு’ சொல்கிறது, உருவத்தைத் ‘தகடு’ சொல்கிறது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ‘ஆப்பசைத்த குரங்கு’ என்ற மரபுத்தொடர் நம் எல்லோருக்கும் தெரியும். தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பை இறுக்கிவிட்டு உணவுக்குப் போகிறார்கள். குரங்கு வந்து பிளவின் மேல் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. மரம் மூடிக்கொள்கிறது. பஞ்சதந்திரத்தில் வரும் இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்ட எந்தத் தமிழருக்கும் ‘ஆப்புத்தகட்டைக் கழற்றாதீர்கள்’ என்ற ஒரு வரி போதும். எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடைப் பெயர் வேண்டும் என்ற தங்கையின் கருத்துக்கும் இடமுண்டு. பதிவில் தமிழ் எழுத்தில் ‘ரைவிங் நைஃப்’ என்றும் ஒரு முறை குறிப்போம். ஆனால் விளக்கம் முழுவதும் நம் சொல்லிலேயே ஓட வேண்டும்.

இதோடு சேர்ந்த இரண்டு சொற்கள். வாள் அரிந்த இடத்தில் உண்டாகும் இடைவெளியான கெர்ஃப் என்பதற்கு ‘வெட்டுவாய்’. புண்ணுக்கும் பிளவுக்கும் வாய் சொல்லும் மொழி நம்முடையது. பலகை நம்மை நோக்கிப் பறந்து வரும் கிக்பேக் என்பதற்கு ‘எதிருதை’. துப்பாக்கி உதைக்கிறது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து

*

ஸ்காபரோ அன்பருக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்ததும் என் ‘பிளவுக்கத்தி’யைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கதவில் விழுந்த குழி ஒன்றே போதும். தங்கள் இல்லத்தரசியார் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

ஆனால் ‘ஆப்பு’க்கு மூன்று தடைகள் சொல்லியாக வேண்டும்.

ஆப்பு ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்திருக்கும், அடித்து இறக்கப்படும், வாயை அகலத் திறக்கும். இந்தத் தகடு வாயைத் திறப்பதில்லை, மூடாமல் காக்கிறது. இது சிறிய வேறுபாடு என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது, பேச்சில் ‘ஆப்பு வைத்தான்’ என்றால் ஒருவனைக் கெடுத்தான் என்றாகிவிட்டது. கையேட்டைப் படிக்கப்போகும் இருபது வயதுப் பிள்ளைக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, இதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. வார்ப்படத்துக்கு மரத்தில் மாதிரி செய்யும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். வட்ட ரம்பத்தில் நீளமான தேக்கை அறுக்கும்போது எதிர்ப்பக்கம் நிற்கும் பையன் வெட்டுவாயில் ஒரு மரச் சில்லைச் செருகுவான். அதைச் ‘சக்கை’ என்போம். மேசை ஆடினால் காலுக்கடியில் வைப்பதும் சக்கைதான். கராஜ் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும் என்று நீங்களே முன்பு எழுதினீர்கள். அங்கே வேலைமேசையை மட்டப்படுத்த எதை வைப்பீர்கள்? ‘சக்கைத்தகடு’ என்றால் என்ன குறை?

வெட்டுவாய், எதிருதை இரண்டும் அருமை. மறுபேச்சில்லை.

கோவையிலிருந்து

*

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன பையனின் சில்லை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உங்கள் பட்டறையிலும் எங்கள் ஊர்க் கிடங்கிலும் ஒரே அறிவு இருந்திருக்கிறது. ஆனால் சுழலும் தகட்டுக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் கை இருக்க வேண்டியிருந்ததே என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கையின் வேலையைத்தான் இந்தத் தகடு எடுத்துக்கொண்டிருக்கிறது.

‘சக்கை’யை முழு மனதோடு எண்ணிப் பார்த்தேன். எங்கள் பக்கம் சக்கை என்றால் சாறு பிழிந்த பின் எஞ்சுவது, எறியப்படுவது. கன்னியாகுமரியில் அது பலாப்பழம். உயிரைக் காக்கும் ஒரு துண்டுக்கு ‘எறிந்துவிடலாம்’ என்ற நிழல் விழும் பெயர் வேண்டாம் என்று தோன்றுகிறது. மேசைக்காலுக்கு அடியில் வைப்பதற்குச் சக்கையையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அதற்குச் சொல் இல்லாமல் இருந்தது, இப்போது கிடைத்துவிட்டது.

பேச்சு வழக்கைப் பற்றி. ‘ஆப்பு வைப்பது’ கெட்ட பொருளுக்கு நகர்ந்தது உண்மை. ஆனால் அந்த வழக்கில் ஆப்பு வைப்பவன்தான் கெட்டவன். கதையில் அடிபடுவது ஆப்பை எடுத்தவன். இரண்டும் ஒரே பிள்ளையின் மனதில் மோதினால் அவன் ஒரு நொடி நின்று யோசிப்பான். வாளைத் தொடும் முன் அந்த ஒரு நொடி கிடைப்பது நல்லது. மேலும், பேச்சில் பொருள் திரிந்த சொற்களையெல்லாம் விட்டுக்கொண்டே போனால் தச்சர்களின் சொற்களில் பல நமக்கு மிஞ்சாது.

முதல் தடைதான் வலுவானது. திறப்பதும் மூடாமல் காப்பதும் வேறு என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதைச் சொல்லுக்குள் அடைக்க முயன்று ‘காப்பு’, ‘தாங்கு’ எனப் பல ஒட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். சொல் நீண்டதே தவிரத் தெளியவில்லை. ‘காப்பு’ சேர்த்தால் தகட்டுக்கு மேலே வரும் மூடியோடு குழம்பும். எனவே உங்கள் வேறுபாட்டை விளக்கத்தின் முதல் வாக்கியமாகவே வைத்துவிட்டேன். அளவையும் சேர்த்தேன், ஏனென்றால் தடிமன் தவறினால் பெயர் சரியாக இருந்தும் பயனில்லை.

பதிவு இப்படி அமைகிறது:

ஆப்புத்தகடு: மேசை வாளில் (மேசை ரம்பத்தில்) சுழலும் தகட்டின் பின்னால், அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் கூரற்ற உலோகத் துண்டு. வெட்டுவாயைத் திறப்பதற்கல்ல, அது மூடிக்கொண்டு எதிருதை உண்டாகாமல் தடுப்பதற்கு. வாள்தகட்டின் உடலைவிடத் தடித்தும் வெட்டுவாயைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். வெட்டுவாய் வழக்கமாக 3.2 மில்லிமீட்டர், மெல்லிய தகடுகளில் 2.4 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டுக்கு மாறும்போது பழைய ஆப்புத்தகடு பொருந்துமா என்று பார்க்கவும், தடித்திருந்தால் பலகை நடுவில் சிக்கும். வாள்தகட்டின் உச்சியைவிடச் சற்றுத் தாழ நிற்பதால், பலகையை முழுதும் அரியாமல் காடி (நீள்பள்ளம்) மட்டும் எடுக்கும்போதும் இதைக் கழற்றத் தேவையில்லை. பல தகடுகளை அடுக்கி அகலக் காடி எடுக்கும் வேளையில் மட்டும் கழற்றி, முடிந்தவுடன் திரும்பப் பூட்டவும். பழைய வாள் வாங்குபவர்கள் விலை பேசும் முன் இது இருக்கிறதா என்று கேட்கவும். கடைகளில் ரைவிங் நைஃப்.

‘பூட்டவும்’ என்பதை நீங்கள் ‘பொருத்தவும்’ என்று மாற்ற விரும்பினால் மாற்றுங்கள், ஐயா. மற்றபடி இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அடுத்து நிற்பது தூசுறிஞ்சி. வாளையும் அதையும் ஒரே 15 ஆம்பியர் இணைப்பில் ஓட்டிப் பிரேக்கர் விழுந்ததைப் பற்றித் தங்கை கேட்டிருந்தார். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது என்பதால், அதையும் அவசரமின்றித் தனி மடலில் பேச வேண்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து