பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்கா மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள், 500க்கு 441. கணக்கில் கெட்டி, அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் முகம் சுளிப்பாள். வீட்டில் பயோ-மேத்ஸ் (கணக்கோடு உயிரியலும் உள்ள குரூப்) எடு என்கிறார்கள்: கால்நடை மருத்துவம், வேளாண்மை, இன்ஜினியரிங் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாமே என்று. அவளுக்கோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ஆசை. பயோ-மேத்ஸ் படித்தாலும் பி.இ. கம்ப்யூட்டர் சேரலாம், கட்-ஆஃபுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல்தானே என்றால் காதில் வாங்க மாட்டேன் என்கிறாள்.

இதற்கிடையில் ஒரு தனியார் பள்ளி பாதிக் கட்டணத்தில் கூப்பிடுகிறது. போனால் காலேஜ் அட்மிஷனில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது. அதனால் எனக்கு இஷ்டமில்லை.

அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் எடுத்தவர்கள் டியூஷன் இல்லாமல் சமாளித்தீர்களா? சேர்ந்த பிறகு குரூப் மாற்ற விடுவார்களா? அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் சொல்லுங்கள், திங்கட்கிழமை அட்மிஷன்.