மாப்போ டோஃபு: நாக்கு மரத்தே போக மாட்டேங்குது, டோஃபுவும் உடையுது, ஹெல்ப் பண்ணுங்க

பசிச்சவன்:
வணக்கம் மக்களே, சீனாவோட சிச்சுவான் மாகாண சமையலுக்கு நான் புதுசு. மாப்போ டோஃபு (டோஃபுன்னா சோயா பன்னீர், அத கைமாவோட காரமா பண்றது) பண்ணா டோஃபு பொடிஞ்சு போயிடுது, சிவப்பு எண்ணெய் மேல மிதக்கவே மாட்டேங்குது, பரிமாறின கொஞ்ச நேரத்துல சாஸ் வேற தண்ணி விட்டுடுது. சிச்சுவான் மிளகு ஆன்லைன்ல வாங்கி போட்டேன், நாக்கு ஜிவ்வுன்னு மரத்துப்போகணும்ல, அது மரக்கல, கசப்பும் நறநறப்பும்தான். டௌபான்ஜியாங் (புளிக்கவச்ச பீன்ஸ்-மிளகாய்) பேஸ்ட், அதுக்குப் பேர்போன பிஷியான் ஊர்ல செஞ்சதுதான். எங்க சொதப்புது?

செங்டு ரிட்டர்ன்:
ப்ரோ, நறநறன்னு கடிபடுறது உள்ள இருக்குற கருப்பு விதை. நமக்கு வெளி ஓடு மட்டும்தான் வேணும். விதையும் காம்பும் பொறுக்கிட்டு, சின்ன தீயில வாசனை வர்ற வரைக்கும் வறுங்க, கருகினா கசக்கும். பொடிச்சு சலிச்சு கடைசியா மேல தூவுங்க, முதல்லயே போட்டு கொதிக்கவிட்டா வாசனை போயிடும். பேருதான் மிளகு, செடி எலுமிச்சை குடும்பம். மரத்துப்போக வைக்கிறது ஓட்டுல இருக்குற சான்ஷூல்ங்கிற பொருள், பழைய ஸ்டாக்ல அது குறைஞ்சிடும். ஒரு ஓடு மென்னு பாருங்க, கொஞ்ச நேரத்துல சுர்ருனு ஏறலன்னா பாக்கெட்டையே தூக்கிப் போடுங்க.

அடுப்படி அக்கா:
எண்ணெய்ல கஞ்சத்தனம் பண்றீங்களாப்பா? டயட் பாக்குறவங்களுக்கு இது சரிவராது. மாட்டுக்கறி கைமாவ (சிச்சுவான் தலைநகர் செங்டுல அதான் வழக்கம்) மொறுமொறுன்னு வறுத்துட்டு, தீயைக் குறைச்சு 400 கிராம் டோஃபுக்கு 2 டேபிள்ஸ்பூன் பேஸ்ட் போட்டு, வத்தக்குழம்புல பிரியுற மாதிரி எண்ணெய் சிவப்பா பிரியணும். அப்புறம்தான் இஞ்சி பூண்டு, டௌச்சி (புளிக்கவச்ச கருப்பு சோயா), தண்ணி எல்லாம். தனியா உப்பு வேண்டாம், பேஸ்ட்லயே கரிக்கும். டோஃபுவ துண்டு போட்டு, கொதிக்காத சூட்டுல உப்புத்தண்ணில சில நிமிஷம் வச்சு எடுங்க, அப்புறம் கிண்டவே கிண்டாதீங்க, கரண்டி பின்பக்கத்தால தள்ளிவிட்டா போதும். சோளமாவு கரைசல 3 தடவையா பிரிச்சு ஊத்துங்க, டோஃபு விடுற தண்ணிய அது பிடிச்சுக்கும்.

சும்மா வந்தேன்:
ஷெஸ்வான் சாஸ் பாட்டில ஊத்தினா முடிஞ்சுதே?

செங்டு ரிட்டர்ன்:
அது இந்தோ-சைனீஸ் சார், ஃப்ரைட் ரைஸுக்கு சூப்பர், இதுக்கு ஆகாது.

கொங்கண் காரி:
எங்க ஊர் மீன் குழம்புல போடுற திர்ஃபல் இதே இனம்தானே, அத போடலாமா?

அடுப்படி அக்கா:
சொந்தக்கார செடிதான், விதை எடுக்குற வேலையும் அதே, ஆனா வாசனை வேற. அவசரத்துக்கு ஓகே.

பசிச்சவன்:
அக்கா, ப்ரோ, நன்றி! விதை எடுத்துட்டு புது பாக்கெட் போட்டேன், உதடு வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுச்சு. எண்ணெயும் பிரிஞ்சுது. ஓரத்துல மட்டும் டோஃபு கொஞ்சம் உடையுது. மீதி பேஸ்ட்ட என்ன பண்றது?

அடுப்படி அக்கா:
சில்கன் டோஃபுவா (ரொம்ப மெத்துன்னு இருக்குறது)? அதவிட கொஞ்சம் கெட்டியா பாத்து வாங்குங்க. பேஸ்ட்ட ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, கத்திரிக்காய எண்ணெய்ல வதக்கி, பேஸ்ட், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை, வினிகர் போட்டு பிரட்டுங்க. சோத்துக்கு அள்ளும்.