நாலாம் வகுப்புக்கு மண்டையோடு: எப்படிப் புரியவைப்பது?

நாலாம்வகுப்பு_டீச்சர்:
"மண்டையோட்டில் 22 எலும்பு" என்று கரும்பலகையில் எழுதினால், "ஒரே எலும்புதானே டீச்சர், ஆடவே இல்லையே" என்கிறார்கள். பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருக்கிறது. 40 நிமிடத்துக்குள் செய்து காட்ட என்ன வழி? வேறொரு புத்தகத்தில் 29 என்று இருக்கிறது. எது சரி?

எலும்பும்_தசையும்:
எண்ணும் எல்லைதான் வேறு டீச்சர். மூளையை மூடும் கபால எலும்பு 8, முக எலும்பு 14, ஆக 22. இரண்டு காதுக்குள்ளும் மும்மூன்று சிற்றெலும்பு, நாக்கடியில் நாவடி எலும்பு ஒன்று, இவற்றையும் சேர்த்தால் 29. பிள்ளைகளுக்கு 22 போதும்.

முதலில் தங்கள் தலையையே தொட்டுப் பார்க்கட்டும். காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். விரலுக்கடியில் ஒரு முண்டு நகரும். அது கீழ்த்தாடை மூட்டு. 22-ல் நன்றாக அசைவது கீழ்த்தாடை மட்டும்தான். சிலர் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டில் கைவைத்து "இங்கேயும் ஆடுது" என்பார்கள். அங்கே புடைப்பது பல்லைக் கடிக்கிற தசை.

அப்படியே மூக்கையும் பிடித்துப் பார்க்கட்டும். மேல்பாதி கெட்டி, நுனி வளையும். நுனி குருத்தெலும்பு. அது மக்கிப்போவதால்தான் மண்டையோட்டில் மூக்கிருந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது.

அட்டையும்_கத்தரியும்:
"ஏன் ஆடவில்லை" என்பதற்கு அட்டைப்பெட்டி போதும். ஓர் அட்டையை நேர்கோட்டில் வெட்டுங்கள், இன்னொன்றை ஒரு செ.மீ. உயரப் பற்களாக வளைத்து வளைத்து வெட்டுங்கள். மேசைமேல் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளினால் நேர்வெட்டு வழுக்கும், பல்வெட்டு கவ்விக்கொள்ளும். தலையில் இதற்குப் பெயர் தையல் மூட்டு. இரண்டு துண்டையும் தனித்தனியாக வெட்டினால் பற்கள் பொருந்தாது, ஒரே கோட்டில் ஒரே வெட்டாக வெட்டவேண்டும். சார்ட் பேப்பர் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

எலும்பும்_தசையும்:
அந்த அட்டையை வைத்தே உச்சிக்குழியையும், அதாவது கைக்குழந்தையின் உச்சந்தலையில் எலும்புகள் இன்னும் சேராத மெத்தென்ற இடத்தையும் சொல்லிவிடலாம். பிறக்கும்போது இந்தத் தையல்கள் இறுகியிருக்காது. பிரசவத்தில் எலும்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடும், பிறகு மூளை வளர இடம் தரும். முன் உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும், சில குழந்தைகளுக்கு இரண்டு வயதுவரை ஆகும். தம்பி தங்கைக்கு அங்கே துடிப்பது இயல்புதான், ஆனால் அழுத்திப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் முட்டைச் சோதனை. டிபன் டப்பாவில் பச்சை முட்டையை மட்டும் போட்டுக் குலுக்கினால் உடையும். காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி மூடிக் குலுக்கினால் பெரும்பாலும் தாங்கும். பாதித் தண்ணீர் விட்டால் முட்டை சுவரில் மோதும், அங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். மூளையைச் சுற்றியும் இப்படித்தான் திரவம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி.

அட்டையும்_கத்தரியும்:
ஒன்று விட்டுப்போயிற்று டீச்சர். பிளாஸ்டிக் மாதிரியின் மேல்மூடி கழற்றும்படி வட்டமாக அறுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டையும் தையல் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். உள்ளே பார்ப்பதற்காக அறுத்தது அது, எந்த எலும்பின் எல்லையும் இல்லை. பென்சிலால் நிஜத் தையலை மட்டும் வரைந்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.