'ரேஞ்ச்' எங்கே இருக்கு?

மேய்ப்பன்: 'ஹோம் ஆன் த ரேஞ்ச்'ங்கிற அமெரிக்கப் பாட்டை எழுதினது டாக்டர் ஹிக்லின்னு நேத்து இங்க ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருந்தார். படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. அவர் கவிதையில 'ரேஞ்ச்'ங்கிற சொல்லே, அதாவது திறந்த மேய்ச்சல் வெளிங்கிற சொல்லே கிடையாது. அது மாடு மேய்ச்சவங்க பாட்டு.

கானல்: நேத்து அப்படிச் சொன்னது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம். 1870களின் தொடக்கத்துல, கான்சாஸ் ஸ்மித் கவுண்டியில ஓடைக்கரைக் குடிசையில இருந்தப்போ ஹிக்லி எழுதினது அது. மானும், மான் மாதிரி இருக்கிற ஆண்டிலோப்பும் விளையாடுற நிலம், சோர்வு தர்ற சொல் காதுல விழாத வீடு, நாளெல்லாம் மேகம் மூடாத வானம்னு பல்லவி முழுக்க அவரோடது. பின்னால ஒரு சொல் சேர்ந்துட்டா பெத்தவன் மாறிடுவானா?

மேய்ப்பன்: அந்த ஒரு சொல்தான் தலைப்பே. 'ரேஞ்ச்' எங்கே? காட்டுங்க.

சுருதி: மெட்டுப் போட்ட டேனியல் கெல்லியைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கல. கவிதைக்காரங்களுக்கு இசைக்காரன் எப்பவும் இளப்பம்தான்.

கானல்: கெல்லியை நான் எங்கே குறைச்சேன்? 1934ல அரிசோனா தம்பதி ஒண்ணு, பாட்டு எங்களோடதுன்னு 5 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டாங்க. அவங்க பாட்டு 1905ல வந்தது. மோன்ஃபெல்ட்னு ஒரு வக்கீல் ஊர் ஊராப் போய் விசாரிச்சார். 1870களில கான்சாஸ் பத்திரிகையில அச்சான ஹிக்லி கவிதை கிடைச்சது. வழக்கு நிக்கல. அப்புறமும் என்ன சந்தேகம்?

மேய்ப்பன்: வழக்கு பணத்துக்கு. சான் அன்டோனியோவில சாராயக்கடை நடத்தின கறுப்பினத்தவர் ஒருத்தர் பாடினதைக் கேட்டுத்தான் நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் 1910ல புத்தகத்துல போட்டார். உலகம் பாடுறது அதை. அதுல 'ரேஞ்ச்' இருக்கு. ஹிக்லி காகிதத்துல இல்ல.

பழையபேனா: முதல்ல அது ஆண்டிலோப்பே இல்ல. அங்க திரியறது ப்ராங்ஹார்ன்ங்கிற விலங்கு, வேற குடும்பம். டாக்டருக்கே விலங்கு தெரியல.

கானல்: அந்த ஊர்ல எல்லாரும் அதை அப்படித்தான் கூப்பிடுறாங்க. போன மாசம் தாலாட்டு விவாதத்தையும் இப்படி ஒரு சொல்லைப் பிடிச்சுத்தான் கெடுத்தீங்க, நான் மறக்கல.

பழையபேனா: அன்னிக்கும் நான் சொன்னதுதான் சரி.

கானல்: 1947ல கான்சாஸ் இதைத் தன் மாநிலப் பாட்டாக்குச்சு. அந்தக் குடிசையை இன்னிக்கும் காப்பாத்தி வெச்சிருக்காங்க. நோயாளி பார்த்துக்கிட்டே அந்த மண்ணைப் பாடின மனுஷன்கிட்ட இருந்து பாட்டைப் பிடுங்க நான் விடமாட்டேன்.

சுருதி: இப்பவும் கெல்லி பேர் வரல.

மேய்ப்பன்: குடிசை இருக்கட்டும். 'ரேஞ்ச்' எந்த வரியில இருக்கு?