ஆர்.ஓ. டியூப்பைச் செருகிய இடத்தில் கசிவு

கேள்வி: ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை ஜன்னல் பக்கம் மாற்றினேன். கால் அங்குல டியூப் எட்டவில்லை. புதிது வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டிச் செருகினேன். அன்றிலிருந்து புஷ்-ஃபிட் எல்போவில் (டியூப்பை அழுத்திச் செருகும் வளைவு இணைப்பில்) சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பதில்: டேப் வேண்டாம் தம்பி. டியூப் நுழையும் பக்கம் மரையே கிடையாது. உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் தண்ணீரைப் பிடிக்கிறது. கத்தரிக்கோல் டியூப்பை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும், அதுதான் கோளாறு. தண்ணீரை அடைத்துவிட்டு, டேங்க் வால்வையும் மூடுங்கள். எல்போவின் வாயில் டியூப்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை (காலர்) உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே டியூப்பை உருவுங்கள். புது பிளேடால் நேராக வெட்டிச் செருகுங்கள். முதலில் தட்டுகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். இன்னும் அழுத்தினால்தான் ஓ-ரிங்கைத் தாண்டி அடியில் போய் உட்காரும்.

இன்னொருவர்: அளவையும் பாருங்கள். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. 6 மி.மீ. டியூப் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் கசியும்.

கேட்டவர்: 6.35தான் அண்ணா. உருவிப் பார்த்தால் முனை சாய்வாக, ஓரத்தில் பிசிறோடு இருந்தது. வெட்டி அழுத்தினேன், இன்னும் அரை விரல் உள்ளே போனது! இழுத்தாலும் வரவில்லை. அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன், காலையில் ஈரமே இல்லை. ரொம்ப நன்றி.