ரன்-அவுட்டுக்குத் தமிழ்: 'கோட்டம்' போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் பிரேக் வட்டின் (டிஸ்க்) 'ரன்-அவுட்', அதாவது வட்டு சுழலும்போது ஒரே தளத்தில் நில்லாமல் பக்கவாட்டில் ஆடுவது, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழையை முதலிலிருந்து படித்தேன். 'ஓட்டப் பிசகு', 'சுழற்சிப் பிறழ்வு', 'பக்க விலகல்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றைச் சொல்ல வருகிறேன்: கோட்டம். இதை நான் உண்டாக்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னது. அவர் சொன்ன விதத்தைச் சொன்னால்தான் இந்தச் சொல் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும்.

என்னுடையது 2005-இல் வாங்கிய சின்னக் கார். புதுச்சேரி போகிற சாலையில் கன்னியக்கோயில் பக்கம் எழுபதில் போய்க்கொண்டிருந்து பிரேக்கை மிதித்தால் பெடல் காலடியில் துடிக்கும். ஸ்டீயரிங்கும் சேர்ந்து நடுங்கும். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினோரு சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு உதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் காட்டினேன். "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார்" என்றார்கள். இரண்டு வட்டுகளையும் கழற்றி, லேத்தில் கொடுத்து, முகத்தைச் சீவி மாட்டித் தந்தார்கள். நடுக்கம் நின்றது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில் அதே துடிப்பு திரும்பி வந்தது.

இந்தமுறை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். வட்டின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் 16 மி.மீ. என்று இருந்தது, அளந்தால் 16.1 வந்தது. இனி சீவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பதால் ஒரு சோடி வட்டும் புதுப் பிரேக் கட்டைகளும் வாங்கினேன். (பேடுக்குத் 'திண்டு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சைக்கிளில் காலங்காலமாகப் பிரேக் கட்டை என்றுதானே சொல்கிறோம்? அதுவே இருக்கட்டும்.)

வேலை பெரிய மந்திரம் இல்லை. பின்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கி வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வேலை செய்யாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் உடனே வட்டைப் பிரிக்காமல், நட்டுகளுக்கு வாஷர் கொடுத்து வட்டை அதன் இடத்தில் இறுக்கினேன். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) அதைப் பிடித்து நிறுத்தும் காந்தத் தாங்கியும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். டயலின் முனையை வட்டின் வெளி விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தொடவைத்து, வட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் ஒரு பக்கம் ஏறியது, நின்றது, இறங்கியது. ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முழுச் சுற்றில் பதினான்கு கோடு.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் குடியிருக்கும் சைக்கிள் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். என் மகளின் சைக்கிளுக்கு எத்தனையோ முறை சக்கரம் சரிசெய்து கொடுத்தவர். குனிந்து கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்ளோ கோட்டம் இருக்கு?"

"கோட்டமாண்ணே? பட்டறையில வட்டு பெண்டாயிடுச்சுன்னாங்க."

"பெண்டு வேற, கோட்டம் வேற. மொதல்ல கழட்டி உள்ள பாரு."

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

கழற்றினேன். வட்டைக் குடத்தோடு (சக்கரத்தின் நடுவில் வட்டு உட்காரும் ஹப்) பிடித்திருந்த இரண்டு திருகாணிகளும் துருவில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன. சுத்தியலால் தலையில் தட்டிவிட்டுத் திருகியபோது இளகின. வட்டில் மரை போட்ட துளைகள் இரண்டு இருக்கின்றன. அதில் 8 மி.மீ. போல்ட்டுகளைச் செலுத்தி மாற்றி மாற்றி இறுக்கினால் வட்டு அழகாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். கட்டைகளை வட்டின்மேல் அழுத்தும் காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சுருள்வில்லில் கட்டி வைத்தேன். வட்டு போன பிறகு குடத்தின் முகத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் செதில் செதிலாகத் துரு. வீடு தேவனாம்பட்டினம் பக்கம்; உப்புக்காற்றில் வாசல் கிரில்லே வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். முன்பு பட்டறையில் சீவிய வட்டைத் துடைக்காத குடத்தில் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். வட்டு நேராகத்தான் இருந்திருக்கிறது. அது உட்கார்ந்த இடம் சாய்ந்திருந்தது.

கணக்குப் போட்டால் தெரியும். வட்டு உட்காரும் முகத்தின் குறுக்களவு 130 மி.மீ., வட்டின் குறுக்களவு 240 மி.மீ. என்று கொள்வோம். முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. கனத்தில் ஒரு துருச்செதில் இருந்தால் போதும், வட்டின் விளிம்பில் அது ஏறக்குறைய 0.09 மி.மீ. ஆட்டமாக வரும். பல கார்களுக்கு அனுமதிக்கும் எல்லையே 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். இந்த ஆட்டம் உடனே காலில் தெரியாது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் வட்டின் ஒரே இடம் சுற்றுக்கு ஒருமுறை கட்டையில் உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். அந்தத் தடிமன் வேறுபாடு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு வந்தாலே பெடல் துடிக்க ஆரம்பிக்கும். என் வண்டியில் ஐயாயிரம் கிலோமீட்டரில் நடந்தது இதுதான்.

கம்பிப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை குடத்தைத் தேய்த்தேன். புது வட்டின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து மாட்டி மறுபடி டயல் வைத்தேன். மூன்று கோடு. மற்றச் சக்கரத்திலும் அதே கதை, அதே வைத்தியம். புதுக் கட்டைகளுக்கு இடம் கிடைக்கக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், அது பெயின்ட்டை அரித்துவிடும். எல்லாம் மாட்டியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிப்பதை மறக்கவே கூடாது. மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

'பக்க விலகல்' முன்வைத்த நண்பரின் எண்ணம் நல்லது. ஆனால் விலகல் என்றதும் பள்ளியில் படித்த ஒளிவிலகல் வந்து நிற்கிறது. அதோடு, விலகல் என்பது ஒரே திசையில் தள்ளிப் போவது; சுற்றுக்குச் சுற்று போய் வருவது அதில் இல்லை. 'பிறழ்வு' மரபணுப் பக்கம் போய்விட்டது. 'ஓட்டப் பிசகு' ஆங்கிலச் சொல்லின் இரண்டு துண்டையும் தனித்தனியாகத் தமிழாக்கியது. அந்தத் துண்டுகள் தெரியாதவருக்கு அதில் பொருள் கிடைக்காது. சரி, ரன்-அவுட் என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்றால், படிப்பவர் மனத்தில் ஸ்டம்பு தெறிக்கும்.

கோட்டம் அப்படி இல்லை. சைக்கிள் ஓட்டி வளர்ந்த எத்தனையோ பேருக்குச் 'சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கணும்' என்றால் விளக்கமே வேண்டாம். மறுநாள் அந்தக் கடையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடிக்கிறார். எந்த இடம் பக்கவாட்டில் வெளியே வருகிறதோ அங்கே மட்டும் 'சர்ர்' என்று வெள்ளைக் கோடு விழுகிறது. அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை அரைச் சுற்று தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை அரைச் சுற்று இறுக்குகிறார். மறுபடி சுழற்றுகிறார். அவர் பிடித்த சாக்குக்கட்டியும் நான் வைத்த டயல் முள்ளும் செய்கிற வேலை ஒன்றுதான், நுட்பத்தில்தான் வேறுபாடு.

இந்த இழையில் வந்த கேள்விகளில் வலுவானது இது: கோட்டம் என்றால் வளைவு, ஆனால் ரன்-அவுட் உள்ள வட்டு வளைந்திருக்க வேண்டியதில்லையே, தவறான பொருள் தராதா? நானும் முதலில் அப்படித்தான் தயங்கினேன். பதில் கடைக்காரரின் பேச்சிலேயே இருக்கிறது. 'பெண்டு' என்று அவர் சொல்வது ரிம் பள்ளத்தில் விழுந்து நெளிந்ததை. அதற்குச் சுத்தியல் வேண்டும். 'கோட்டம்' என்று சொல்வது சக்கரம் சுழலும்போது கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தை. கம்பி தளர்ந்திருந்தாலும் கோட்டம், ரிம் நெளிந்திருந்தாலும் கோட்டம். காரணம் எதுவானாலும் சுழற்சியில் அளக்கக் கிடைப்பது எதுவோ அதுதான் கோட்டம். இந்த வேறுபாடு என் பட்டறைக்காரர்களின் பேச்சில் இல்லை. 'பெண்டு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருந்ததால் வட்டைச் சீவினார்களே தவிர, குடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு சொல் இருந்திருந்தால் இரண்டு இடத்தில் தேடியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, பிரெஞ்சிலும் கோட்டமுள்ள சைக்கிள் சக்கரத்துக்கும் பிரேக் வட்டுக்கும் 'வுவாலே' என்ற ஒரே சொல்தான் என்றார். சைக்கிளிலிருந்து காருக்குச் சொல் ஏறிப்போவது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை.

அடுத்தது, கோட்டம் என்றால் கோயில், வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்றெல்லாம் இருக்கிறதே என்பது. உண்மைதான். வட்டம், கோட்டம் இரண்டும் ஆட்சித்துறைச் சொற்களாக இருக்கும்போது 'வட்டுக்கோட்டம்' என்று சேர்த்து எழுதினால் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு வட்டுக்கோட்டைதான் நினைவுக்கு வரும். அதனால் அந்தக் கூட்டுச்சொல் வேண்டாம். 'பக்கக் கோட்டம்' என்று வைப்போம். பக்கவாட்டில் ஆடுவது பக்கக் கோட்டம். மையத்திலிருந்து மேலும் கீழுமாகத் துள்ளுவது ஆரக் கோட்டம். பொறியியலிலும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் அளக்கிறார்கள். தனியாகக் 'கோட்டம்' என்று வரும்போது இடம் நோக்கிப் பொருள் கொள்ள நமக்குத் தெரியும். வளைவு, கோணல் என்ற பொருளும் புதிதல்ல. சொற்கோட்டம், உட்கோட்டம் என்று குறளே ஆண்டிருக்கிறது.

மேலே ஹப் என்பதற்கு நான் 'குடம்' என்று எழுதிக்கொண்டு வந்ததைக் கவனித்திருப்பீர்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அதுதான் பெயர். வண்டிச் சக்கரத்திலிருந்து குடம், சைக்கிளிலிருந்து கட்டையும் கோட்டமும். காலிப்பருக்கு 'அளவி' என்று ஒரு மடலில் பார்த்தேன். வெர்னியர் அளவியோடு அது குழம்பும், இந்தக் காலிப்பர் எதையும் அளப்பதுமில்லை, கவ்வுகிறது. 'கவ்வி' என்றால் எனக்குச் சம்மதம்.

எனக்கு இன்னும் சொல் கிடைக்காதது ஒன்று: கோட்டத்தால் உண்டாகும் அந்தத் தடிமன் வேறுபாடு. 'தடிமன் வேறுபாடு' பொருள் சொல்கிறது, ஆனால் பட்டறையில் வாயில் நிற்காது. தச்சர்கள் இழைத்த பலகை ஒரு பக்கம் மெலிந்திருந்தால் என்ன சொல்கிறார்கள்? நெசவிலும் நூல் தடிப்பும் மெலிவுமாக வருவதற்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும். பக்கத்தில் பட்டறையோ தறியோ இருப்பவர்கள் கேட்டு எழுதுங்கள். எங்கள் தெருக்காரரிடம் நான் நாளைக்கே கேட்கிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து